ஒர்க்‌ஷாப் காதும் இரண்டு ஹெட்போன்களும்

உகாதிக்கு அடுத்த ஞாயிறு, பிள்ளைகள் இருவரிடமும் தனித்தனியாகப் போனில் ஒரே ஒரு காரியம் கேட்டேன். அப்பாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டே போகிறது, ஒருநாள் லீவு போட்டுவிட்டு வந்து பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள் என்றேன். பெங்களூரில் இருக்கும் இருவரும் சரி என்றார்கள். மழை பிடித்து, ஆஷாட மாதம் பிறந்து, வெள்ளிக்கிழமைகளில் சாமுண்டி மலைக்குக் கூட்டம் ஏற ஆரம்பித்த பிறகு, ஒரே வாரத்தில் இரண்டு பெட்டிகள் வந்தன. இரண்டிலும் ஹெட்போன். காதை முழுவதும் மூடிக்கொள்ளும் வகை. வெளிச்சத்தத்தை இயந்திரமே அழித்துவிடுமாம். மலிவான பொருள் இல்லை என்பது பெட்டியைப் பார்த்தாலே தெரிந்தது. இரண்டும் அப்பாவுக்கு அல்ல, எனக்கு.

"அவரை மாத்த முடியாதும்மா," என்றான் மகன். "நீ இதைப் போட்டுக்கோ. டிவி சத்தம் உனக்குத் தெரியவே தெரியாது."

மகளும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னாள். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ மா. உனக்குப் பிடிச்ச கச்சேரியெல்லாம் நிம்மதியா கேளு."

ஒருவர் அனுப்பியது மற்றவருக்குத் தெரியாது. தெரிந்தபோது குடும்ப வாட்ஸப் குழுவில் கன்னடமும் ஆங்கிலமுமாகக் கொஞ்சம் உரசிக்கொண்டார்கள். கடைசியில் ஒரு தீர்ப்பு வந்தது. இரண்டு எதற்கு, திருப்பி அனுப்ப அவகாசம் இருக்கிறது, அம்மாவே இரண்டையும் போட்டுப் பார்த்து எது வசதி, எதில் சத்தம் நன்றாக இருக்கிறது என்று சொல்லட்டும், மற்றதை அனுப்பிவிடலாம். பரிசோதனையைப் பற்றி அந்தக் குழுவில் யாரும் பேசவில்லை. நான் கேட்டது அவர் காதுக்கு. அவர்கள் அடைத்துக் கொடுத்தது என் காதை.

ஒப்பிட்டுப் பார் என்று யாராவது சொன்னால் நான் ஒழுங்காகவே செய்வேன். ஒரு பெண்கள் கல்லூரியின் நூலகத்தில் ஓய்வு பெறும் வரை வேலை பார்த்தவள். நடந்ததை நடந்த நாளோடு எழுதிவைப்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே பழக்கம். முதல் மழை, மார்க்கெட்டில் முதல் பாதாமி மாம்பழம், தெருவில் யார் வீட்டில் விசேஷம், எல்லாம் எழுதுவேன். படிப்பதும் அந்த மாதிரிப் புத்தகங்கள்தான்: பயணக் குறிப்புகள், சிறைக் குறிப்புகள், மறந்துபோன அதிகாரிகள் எழுதிய நினைவுகள். தேதி போடாமல் எழுதுகிறவர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

முதலில் என் கணவரின் காதைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் அப்பா ரயில்வே வேலைக்காக ஜோலார்பேட்டையிலிருந்து மைசூருக்கு வந்தவர். நான் ரயில்வே காலனியில் பிறந்தேன், காலனிக்குள்ளேயே கல்யாணமும் ஆனது. அங்கே ஒர்க்‌ஷாப் ஆட்களின் மனைவிகள் எல்லோரும் சத்தமாகப் பேசுவார்கள். இரும்பின்மேல் சுத்தியல் விழும் இடத்தில் நாள் முழுக்க நின்றவனுக்குக் காது போய்விடும். அது வேலையோடு வருவது, சம்பளமும் பாஸும் வருகிற மாதிரி. அதற்கு 'ஒர்க்‌ஷாப் காது' என்றே பெயர். புதிதாகக் கல்யாணமாகி வரும் பெண்ணுக்கு அக்கம்பக்கத்தார் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: முகத்துக்கு நேரே நின்று பேசு, கையைக் காட்டிப் பேசு, கோபித்துக்கொள்ளாமல் இரண்டாம் தடவை சொல். வெளியிலிருந்து வருகிறவர்கள் காலனியில் எப்போதும் சண்டை நடக்கிறது என்று நினைப்பார்கள். சண்டை இல்லை, மத்தியானம் என்ன குழம்பு என்று பேசிக்கொண்டிருப்போம்.

என் கணவர் ஐம்பதைத் தாண்டியதும் நான் கூப்பிட்டால் திரும்பாமல் இருக்க ஆரம்பித்தார். அவர் ஒர்க்‌ஷாப்பின் ஸ்டோர்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். சுத்தியல் விழும் இடம் முற்றத்துக்கு அந்தப் பக்கம், நடுவே கதவு. அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒர்க்‌ஷாப்தானே. எதிர்வீட்டு அக்காவும், "வந்துடுச்சா? எங்க வீட்டுக்காரருக்கு நாப்பதிலேயே வந்துச்சு," என்று கிட்டத்தட்ட வாழ்த்துச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். நான் சத்தமாகப் பேச ஆரம்பித்தேன். பகலெல்லாம் 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழே மாணவிகளிடம் கிசுகிசுத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து கத்துவேன். என் குரல் மெல்லக் கரகரத்துப்போனது. கோயில் பஜனையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் பின்வரிசைக்குப் போனேன், பிறகு போவதையே விட்டேன்.

என் தம்பி இறந்த வருஷம் காரியம் முடிந்து ஜோலார்பேட்டையிலிருந்து திரும்பிய சாயங்காலம், ஹாலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் அவன் கடைசியாகக் கேட்டது என்ன, யார் வந்தார்கள், யார் வரவில்லை, அவன் மகள் எப்படி அழாமல் நின்றாள். அவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடித்த பிறகும் திரும்பவில்லை. காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, எழுந்து முகத்துக்கு நேரே வந்து நின்று, முதலிலிருந்து எல்லாவற்றையும் உரக்கச் சொன்னேன். தம்பி செத்ததைக் கத்திச் சொன்னேன். தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். "ம்," என்றார் அவர்.

ஆனால் சென்ற இரண்டு வருஷங்களாக ஒரு சந்தேகம் இருந்தது. கேட் பக்கம் நின்று யாராவது தணிந்த குரலில் "சார் இதாரா?" என்று, சார் இருக்கிறாரா என்று கன்னடத்தில் கேட்டால் எழுந்து போகிறார். பக்கத்து வீட்டு போர்வெல் மோட்டார் ஓடாவிட்டால் முதலில் கவனிப்பது அவர். நான் எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள்.

"அது அப்படித்தாண்டி. பொண்டாட்டி குரல் மட்டும் வடிகட்டிடும். இவங்களுக்கெல்லாம் சின்ன வயசிலேயே அந்த வடிகட்டியை உள்ள பொருத்தி அனுப்பிட்டாங்க."

நான் சிரிக்கவில்லை. எனக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவருக்குக் கேட்கவில்லையா, கேட்கவேண்டாம் என்று இருக்கிறாரா. முதலாவது என்றால் மருந்தோ கருவியோ இருக்கும். காதுக்கும் பேச்சுக்குமென்றே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் வேறு மாநிலத்துக்காரர்கள் ரயிலேறி வந்து காட்டிவிட்டுப் போகிறார்கள், எங்களுக்கு ஆட்டோ தூரம். இரண்டாவது என்றால் என்ன செய்வது என்று நான் யோசித்துப் பார்த்ததில்லை. அதற்காகத்தான் பரிசோதனை கேட்டேன்.

சரி, ஹெட்போன்.

மகன் அனுப்பியது கறுப்பு, மகள் அனுப்பியது சந்தன நிறம். தீர்ப்புச் சொல்வதற்கு முன் மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கணினியில் தேடிப் படித்தேன், வீடியோக்களும் பார்த்தேன். பேசியவர்கள் எல்லோரும் தாடி வைத்த இளைஞர்கள். அவர்களுக்கு உரைகல் விமான எஞ்சின். பத்துமணி நேரம் பறக்கையில் எது தலையை அழுத்தவில்லை என்பதுதான் வசதியின் அளவு. காதில் தோடும், பின்னால் திருகாணியும், அதன்மேல் கண்ணாடிக் கம்பியும், உச்சிக்குக் கொஞ்சம் கீழே கொண்டையும், கொண்டையில் ஒரு முழம் மல்லிகையும் உள்ள தலையில் இதை எப்படி மாட்டுவது என்று ஒருவரும் சொல்லவில்லை.

கறுப்பு கனம். தலைப்பட்டை எஃகு மாதிரி இறுகும். போட்டுக்கொண்ட கொஞ்ச நேரத்தில் திருகாணி காதுக்குப் பின்னால் எலும்பில் குத்த ஆரம்பிக்கும். சந்தனம் லேசு. மெத்தை துணி மாதிரி மென்மை, காது வியர்க்காது. போட்டிருப்பதையே மறந்து அடுக்களைக்குள் போய்விடலாம். ஆனால் கன்னத்துப் பக்கம் விரலால் தடவினால் சத்தம் கூடும், குறையும், தட்டினால் நிற்கும் என்று வைத்திருக்கிறார்கள். சப்பாத்தி மாவுக் கையோடு கண்ணாடியைச் சரிசெய்யப்போய் இரண்டு தடவை பாட்டை நிறுத்திவிட்டேன். கறுப்பில் அதற்குப் பொத்தான். வயதானவளுக்குப் பொத்தான்தான் நல்லது.

சங்கீதத்தில் சந்தனமே மேல் என்று முதல் நாளே எழுதினேன். வானொலியிலிருந்து நாங்கள் அந்தக் காலத்தில் டேப்பில் பதிந்து, பிறகு மகன் கணினிக்கு மாற்றிக்கொடுத்த கச்சேரிகள் என்னிடம் நிறைய உண்டு. சந்தனத்தில் தம்புராவின் நான்கு தந்திகளும் தனித்தனியாகக் கேட்டன. வயலின்காரர் வில்லின் திசையை மாற்றுகிற இடத்தில் ஒரு சின்ன உரசல், அது இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. பாடகி ஒரு இடத்தில் மூச்சு வாங்குவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி கேட்டது. கறுப்பில் மிருதங்கத்தின் இடந்தலை எல்லாவற்றையும் முட்டிக்கொண்டு முன்னால் வரும். கல்யாண மண்டபத்துக் கச்சேரி மாதிரி. அதில் ஏதோ ஒரு ஆப்பில் கோடுகளை ஏற்றி இறக்கினால் சரியாகும் என்றான் மகன். ஏற்றி இறக்கினேன், கொஞ்சம் சரியானது.

ஆக வசதியிலும் சங்கீதத்திலும் சந்தனம். பிரச்சினை சத்தத்தை அழிப்பதில்தான். தோடு இடையில் நிற்பதால் மெத்தை கன்னத்தோடு ஒட்டவில்லை, இரண்டிலுமே டிவி விவாதம் கசிந்தது. இது ஹெட்போனின் குற்றமா தோட்டின் குற்றமா என்று தெரியாமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆஷாடக் கடைசி வெள்ளிக்கிழமை, குளித்துவிட்டு வந்து கண்ணாடி முன் நின்று தோட்டைக் கழற்றினேன். ஏழுகல் வைரத்தோடு, மாமியாருடையது. கல்யாணத்தன்று மணையில் அவர்களே போட்டுவிட்டது. பிரசவத்துக்குக்கூட நான் அதைக் கழற்றியதில்லை. திருகாணி இறுகிப்போயிருந்தது, எண்ணெய் விட்டுத்தான் கழன்றது. கழற்றியதும் காது எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. தலைப்பட்டையில் சிக்குகிறது என்று பூவையும் விட்டேன்.

அன்று மத்தியானமே எதிர்வீட்டு அக்கா பிடித்துக்கொண்டாள். "என்னடி இது, ஆஷாட வெள்ளி அதுவுமா மூளிக்காதோட நிக்கற?"

"ஹெட்போன் குத்துதுக்கா."

"ஹெட்போனுக்காக வைரத்தோட்டைக் கழட்டின முதல் பொம்பள நீதாண்டி. நான் ஏதோ அடகுன்னு நினைச்சேன்."

தேவராஜ மார்க்கெட்டில் எனக்கு வழக்கமாகப் பூக்கொடுக்கிற பெண் முழம் போடாமல் கையை நிறுத்திக்கொண்டாள். என் காதைப் பார்த்தாள், தலையைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். தாலி இருப்பதைக் கண்ட பிறகுதான், "சார் சௌக்கியமாம்மா?" என்று கன்னடத்தில் மெதுவாகக் கேட்டாள். சௌக்கியம், சாமிக்கு மட்டும் ஒரு முழம் கொடு என்றேன். தேங்காய்க்காரர் பார்த்தார். நூலகத்தில் என்னோடு வேலை பார்த்தவள் பஸ் ஸ்டாப்பில் பார்த்தாள், கேட்டாள். பால் பாக்கெட் போடுகிற பையன்கூடப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனான்.

வீட்டில் ஒருவர் மட்டும் பார்க்கவில்லை. 'அவர் கவனிக்கவில்லை' என்று அன்று எழுதினேன். மறுநாளும் அதையே எழுதினேன். மூன்றாம் நாள் எழுதுவதை விட்டேன்.

தோடு இல்லாத காதில் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. கறுப்பைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் கிணற்றுக்குள் இறங்கின மாதிரி. டிவியில் நான்கு பேர் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருப்பார்கள், ஒரு சத்தமும் வராது. குக்கர் விசில்கூட எங்கோ அடுத்த தெருவில் அடிப்பது போலிருக்கும். சந்தனம் அப்படி இல்லை. அது மின்விசிறி, மிக்ஸி, மோட்டார் மாதிரி ஒரே சீராக ஓடும் சத்தத்தை விழுங்கிவிடும்; மனிதப் பேச்சை அவ்வளவாக விழுங்காது. வீடியோ இளைஞர்கள் இதைக் குறை என்று சொல்லியிருந்தார்கள். நானும் குறை என்றே எழுதினேன். இன்னொரு தடவை அமைதியாக உட்கார்ந்து, பாட்டு எதுவும் வைக்காமல் சோதித்துவிட்டு முடிவு செய்யலாம் என்று வைத்திருந்தேன்.

அந்தச் சோதனைக்கு உட்கார்ந்தது ஒரு புதன்கிழமை காலை, பதினொரு மணி சுமாருக்கு. நான் சாப்பாட்டு மேஜையில், ஹாலுக்கு முதுகைக் காட்டி, சந்தனத்தைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். வெளியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, ஃபேன் சுற்றியது, இரண்டும் மறைந்துபோயின. அப்போது அவருடைய சிநேகிதர் வந்தார். அதே ஸ்டோர்ஸ் ஆபீசில் கூட வேலை பார்த்தவர், இப்போது காலை நடையில் துணை. டிவி அணைந்தது. மற்ற இரைச்சல் எல்லாம் போய்விட்டதால் அவர்கள் பேச்சு சாதாரணமாகக் கேட்பதைவிடத் துலக்கமாகக் கேட்டது. சோதனைதானே என்று நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

"என்னப்பா, வீட்ல என்னத்தையோ தலையில கவுத்துட்டு உக்காந்திருக்காங்க?" என்றார் சிநேகிதர்.

"பசங்க அனுப்பினது. போட்டா வெளியில நடக்கறது எதுவும் கேக்காதாம்."

"நாம பேசறது?"

"பீரங்கி வெடிச்சாலும் கேக்காது. நீ பேசு."

சிநேகிதர் கொஞ்சம் தயங்கினார். "உன் பையன் எனக்குப் போன் பண்ணினான். உன்னைக் காது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றான். நான் சொன்னா நீ கேப்பியாம்."

"எனக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?"

"காது கேக்கலைன்னு சொல்றாங்களே."

"இப்ப நீ பேசறது எனக்குக் கேக்கலையா?"

"கேக்குது. அதான் எனக்கும் புரியல. சுத்தியல்கிட்ட நின்னவனுக்கு வந்தா நியாயம். நீ ஃபேனுக்குக் கீழ உக்காந்து போல்ட் எண்ணினவன். உனக்கு எப்படி வந்துச்சு?"

என் கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கேட்டு வெகுகாலமாகியிருந்தது. "எல்லாம் கேக்குதுப்பா. கேக்குதுன்னு தெரிஞ்சா பதில் சொல்லணும். ஒண்ணுக்குச் சொன்னா அதுக்கு மேல இன்னொண்ணு வரும். நாள் பூரா யாரால முடியும்? ஒர்க்‌ஷாப் காதுன்னு அவளாவே முடிவு பண்ணிக்கிட்டா. சௌகரியமா இருக்கு. நான் எதுக்கு இல்லைங்கணும்?"

"பாவம்ப்பா. தொண்டை கிழியக் கத்தறாங்க."

"அவளுக்குப் பழகிடுச்சு."

பிறகு பென்ஷன் அரியர்ஸ் பற்றிப் பேசினார்கள். சிநேகிதர் தணிந்த குரலில்தான் பேசினார், என் கணவர் ஒரு வார்த்தைக்குக்கூட "என்ன?" என்று திருப்பிக் கேட்கவில்லை. நான் கண்ணைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். காது மெத்தைக்குள் என் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது. அதையும் அந்த இயந்திரம் அழிக்கவில்லை.

சிநேகிதர் போன பிறகு எழுந்து சாதம் வைத்தேன். எப்போதும்போல உரக்கத்தான் சாப்பிடக் கூப்பிட வாயெடுத்தேன், கூப்பிடவில்லை. தட்டை மேஜையில் வைத்தேன், அவர் வந்து உட்கார்ந்தார். தம்பியைப் பற்றி நான் முதல் தடவை மெதுவாகச் சொன்னதுதான் அப்போது நினைவுக்கு வந்தது. அது முழுவதும் அவருக்குக் கேட்டிருக்கிறது. கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டு, நான் எழுந்து நின்று மறுபடியும் கத்துவதையும் கேட்டிருக்கிறார்.

அவரிடமே கேட்டுவிடலாம் என்று இரண்டு மூன்று தடவை நினைத்தேன். கேட்டால் என்ன நடக்கும் என்று தெரியும், காது கேட்காதவராகிவிடுவார்.

அந்த வார இறுதியில் மகள் கூப்பிட்டாள். திருப்பி அனுப்புகிற அவகாசம் முடியப்போகிறதாம்.

"என்னம்மா, எதை வெச்சுக்கற?"

"கறுப்பை."

"அண்ணன் அனுப்பினதையா? நீதானே மா என்னோடது லேசா இருக்கு, பாட்டு நல்லா கேக்குதுன்னு மெசேஜ் போட்ட?"

"லேசாத்தான் இருக்கு. பாட்டும் அதிலதான் நல்லா இருக்கு. ஆனா அதுல ஆள் பேசறது கேக்குது."

"அது நல்லதுதானே? யாராவது கூப்பிட்டா உனக்குத் தெரியணுமே."

"யாரும் கூப்பிடறதில்லை."

கொரியர் ஆள் வருவான், பெட்டியில் இருந்த வயரையெல்லாம் மறக்காமல் வைத்துக் கொடு என்றாள். மனதில் வருத்தம் இருந்தது, குரலில் தெரிந்தது. நான் சமாதானம் சொல்லவில்லை. மகனும் கூப்பிட்டான், ஆஸ்பத்திரி விஷயமாக அங்கிளிடம் சொல்லியிருக்கிறேன் என்றான். தேவையில்லை, அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்றேன். "அப்பாடா," என்றான். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

கறுப்பு தலையை அழுத்துகிறது, கனக்கிறது, தோடு போட்டால் அதைப் போட முடியாது. அத்தனையும் தெரிந்துதான் அதை வைத்துக்கொண்டேன். வசதியையும் ஒலியையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். இரண்டிலும் தோற்றதையே தேர்ந்தெடுத்தேன். தோடு பீரோவில், நகைப் பெட்டியில் பஞ்சுக்கு நடுவே போனது. கச்சேரி கேட்பதும் குறைந்தது. பெரும்பாலும் பாட்டு வைக்காமலே போட்டுக்கொண்டு புத்தகம் படிப்பேன். கத்துவதை நிறுத்தினேன். சாப்பாடு மேஜையில் இருக்கும், மாத்திரை தட்டுப் பக்கத்தில் இருக்கும். சொல்லியே ஆகவேண்டியதை மட்டும் என் பழைய குரலில், நூலகக் குரலில், ஒரே தடவை சொல்வேன்.

அவர் எதுவும் கேட்கவில்லை. மனைவி கத்துவது நின்றுபோனதையும் அவர் கவனிக்கவில்லை என்றுதான் எண்ணியிருந்தேன்.

தசராவுக்கு அவருடைய அக்கா ஈரோட்டிலிருந்து வருவதாக ஏற்பாடு. நவராத்திரி தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, சாயங்காலம், கறுப்பைக் கழுத்தில் இறக்கிவிட்டு நான் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். விளம்பரம் வந்ததும் அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். திரையைப் பார்த்தபடியே பேசினார்.

"நாளைக்கு அக்கா வந்துடுவா. அந்தத் தோட்டை எடுத்துப் போட்டுக்கோ. ஆஷாடக் கடைசி வெள்ளிக்கிழமை கழட்டினது, இன்னும் மூளியாவே சுத்திக்கிட்டிருக்க. எங்கம்மா தோடு அது. அவ கேப்பா."

நான் மடித்த வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நாள் சரிதான். என் தினக்குறிப்பிலும் அதேதான் இருக்கிறது, கீழே 'அவர் கவனிக்கவில்லை' என்ற வரியோடு.

"அன்னிக்கே பாத்தீங்களா?" என்று கேட்டேன். கத்தவில்லை. ஃபேன் சத்தத்தைத் தாண்டிப் போகிற அளவுக்குத்தான் குரல் இருந்தது.

அவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். விளம்பரம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை தோட்டைப் போட்டுக்கொண்டேன். ஓட்டை சுருங்கியிருந்ததால் இடது காதில் கொஞ்சம் ரத்தம் வந்தது. நாத்தனார் உள்ளே நுழைந்ததும் என் முகவாயைத் தொட்டுத் திருப்பிப் பார்த்து, "பளபளன்னு இருக்கே, பாலிஷ் போட்டியா?" என்றாள். பெட்டியில் சும்மா இருந்ததால் வந்த பளபளப்பு என்று நான் சொல்லவில்லை. அவள் இருந்த நாட்களில் அக்காவும் தம்பியும் ஹாலில் உட்கார்ந்து சின்னக் குரலில் நாளெல்லாம் பேசினார்கள், பழைய கதை, நிலத் தகராறு, யாருக்கு யார் பெண் கொடுத்தார்கள். அவள் கேட்டதற்கெல்லாம் அவர் பதில் சொன்னார். ஜம்பூ சவாரி யானை ஊர்வலத்தை டிவியிலேயே பார்த்துவிட்டு, மறுநாள் அவள் ஊருக்குக் கிளம்பினாள். பஸ் ஏற்றிவிட்டு வந்து, கைகூடக் கழுவாமல் தோட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன்.

சென்ற வாரம் காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அக்கா அவள் வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். அவளுடைய ஒர்க்‌ஷாப்காரர் போய்ப் பல வருஷமாகிறது, அவள் குரல் மட்டும் இறங்கவே இல்லை.

"ஏண்டி, உங்க வீட்ல சத்தத்தையே காணோமே. ஊருக்குப் போயிருந்தீங்களா ரெண்டு பேரும்?"

இல்லைக்கா, வீட்டில்தான் இருக்கிறோம் என்றேன்.

அவள் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "என்னது?" என்றாள்.

தெருவைத் தாண்டுகிற அளவுக்கு என் குரல் இப்போது வருவதில்லை. கோலமாவுக் கையை ஆட்டிக் காட்டிவிட்டு உள்ளே வந்தேன்.